வடிகட்டியின் ஆயுளை வெப்பமானி சொல்லட்டும்

கடலடியில் இறங்கும் ஓர் ஆய்வு மாணவர் தம் உயிரை எவரிடம் ஒப்படைக்கிறார் என்று கேட்டால், பயிற்றுநர், உடன் இறங்கும் துணைவர், முதுகில் சுமக்கும் கருவி என்று விடைகள் வரும். கரையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இரைந்துகொண்டிருக்கும் கம்ப்ரசர் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. ஆனால், நீருக்குள் அவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அந்தக் கொட்டகையின் காற்றே. அங்கே வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, வடிகட்டி எந்த நிலையில் இருந்தது என்பவை சிலிண்டருக்குள் அடைபட்டு அவருடன் ஆழத்துக்குச் செல்கின்றன.

இந்தியாவில் கடலடி ஆய்வு புதிய துறையன்று. துவாரகைக் கடலில் எஸ்.ஆர். ராவ் தலைமையில் கோவா தேசியக் கடலியல் நிறுவனம் அகழாய்வு நடத்தியது 1980களில். இந்தியத் தொல்லியல் துறை தனக்கென நீரடித் தொல்லியல் பிரிவைத் தொடங்கியது 2001இல். 1998ஆம் ஆண்டின் பெரும் பவள வெளிறலுக்குப் பின் லட்சத்தீவுப் பவளத்திட்டுகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் பணி வளர்ந்தது. அந்தமான், கோவா, நேத்ராணி, லட்சத்தீவு எனப் பல இடங்களில் இன்று முதுகலை மாணவர்கள்கூட அளவுநாடாவும் எழுதுபலகையுமாகக் கடலுக்குள் இறங்குகிறார்கள். துறை வளர்ந்த வேகத்தில் அதன் மூச்சுக்காற்றைப் பற்றிய சிந்தனை வளரவில்லை. கம்ப்ரசரின் வெப்பமும் ஈரமும் பழுதுபார்ப்பவரின் கவலை என்று ஒதுக்கப்படுகின்றன. உண்மையில் அவை ஆய்வு அறத்தின் பகுதி. நிதி ஒதுக்கீட்டின் பகுதி. வெப்பமண்டலக் கரைகளில் அவையே முதன்மையான பகுதி.

முதலில் வெப்பம். 30 பாகை செல்சியஸ் காற்றை, வெப்பம் வெளியேற வழியின்றி, ஒரே அடியில் 200 பார் அழுத்தத்துக்குச் சுருக்கினால் அதன் வெப்பநிலை கணக்கின்படி 1,100 பாகையை எட்டும். எந்த எண்ணெயும் எந்த வால்வும் அதைத் தாங்காது. அதனால்தான் மூச்சுக்காற்றுக் கம்ப்ரசர்கள் மூன்று அல்லது நான்கு கட்டங்களாகச் சுருக்குகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் காற்று ஒரு குளிர்விப்புச் சுருளின் வழியே செல்கிறது. மூன்று கட்டங்களாகச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் அழுத்தம் ஏறத்தாழ ஆறு மடங்கு உயர்கிறது. அப்போதும் உருளையிலிருந்து வெளிவரும் காற்று கணக்கின்படி 230 பாகையை நெருங்கும். உருளைச் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சுவதால் நடைமுறையில் அது சற்றுக் குறையும். நான்கு கட்டங்களானால் இந்த மதிப்பு 170 பாகைக்கு இறங்கும்.

இந்தச் சுருள்களைக் குளிர்விப்பது ஒரு விசிறி. விசிறி வீசுவது கொட்டகைக்குள் இருக்கும் காற்று. வீசும் காற்றைவிடச் சுருள் குளிர்ந்துவிட முடியாது. இறுதிக் கட்டத்தைக் கடந்து வடிகட்டிக்குள் நுழையும் காற்று, நன்கு பராமரிக்கப்பட்ட இயந்திரத்திலும், சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 10 பாகை சூடாகவே இருக்கும். சாளரமில்லாத அறையில், இயந்திரம் வெளியேற்றிய சூட்டையே விசிறி மீண்டும் இழுத்து வீசினால், இரண்டாவது மணிநேரத்தில் அந்த அறையின் வெப்பநிலை வெளியே உள்ள வெப்பநிலையாக இராது.

அடுத்து ஈரம். 30 பாகை வெப்பத்தில் 80 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட ஒரு கனமீட்டர் கடற்கரைக் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி உண்டு. 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரை 50 பாரிலிருந்து 200 பாருக்கு நிரப்ப ஏறத்தாழ 1.65 கனமீட்டர் காற்று வேண்டும். ஒரு நாளில் பத்துச் சிலிண்டர்கள் நிரப்பும் சிறிய ஆய்வு நிலையம், காற்றோடு சேர்த்து 400 கிராம் நீரையும் இயந்திரத்துக்குள் இழுக்கிறது. அரை லிட்டருக்குச் சற்றே குறைவு. காற்றைச் சுருக்கிக் குளிரவைக்கும்போது அதில் பெரும்பகுதி திரவமாகிப் பிரிப்பான்களின் அடியில் தங்குகிறது. கம்ப்ரசரின் வடிகுழாயைத் திறந்தால் பால்போல வெளிவரும் எண்ணெய்க் கலவை இதுவே. 15 நிமிடங்களுக்கு ஒருமுறை அதை வடிக்க வேண்டும், ஈரம் மிகுந்த நாள்களில் இன்னும் அடிக்கடி வடிக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. வடிக்கத் தவறினால் திரண்ட நீர் காற்றோடு சேர்ந்து வடிகட்டிக்குள்ளேயே பாயும்.

வெப்பமும் ஈரமும் சேரும் இடம் இதற்கு அடுத்த படி. பிரிப்பான் எவ்வளவு செம்மையாக வேலை செய்தாலும், அந்த வெப்பநிலையில் காற்றில் நீராவியாக நிற்கக்கூடிய அளவு நிற்கத்தான் செய்யும். அந்த அளவை முடிவு செய்வது வெப்பநிலை. 20 பாகையில் ஒரு கனமீட்டர் இடத்தில் நிற்கும் நீராவி ஏறத்தாழ 17 கிராம்; 30 பாகையில் 30 கிராம்; 40 பாகையில் 51 கிராம்; 50 பாகையில் 83 கிராம். 225 பார் அழுத்தத்தில், வளிமண்டலக் காற்றின் ஒவ்வொரு கனமீட்டருக்கும் இது 225ஆல் வகுபடும். ஆக, 20 பாகையில் வடிகட்டிக்குள் நுழையும் நீர் கனமீட்டருக்கு 77 மில்லிகிராம். 40 பாகையில் 230 மில்லிகிராம். 50 பாகையில் 370 மில்லிகிராம். உயரழுத்தத்தில் மெய்வளிமம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே நீராவியைத் தாங்கும் என்பதால் இந்த எண்கள் இயந்திரத்துக்குச் சலுகை காட்டும் எண்கள்.

ஐரோப்பியத் தரமான இ.என். 12021, உயரழுத்தக் கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்றில் கனமீட்டருக்கு 25 மில்லிகிராம் நீரை மட்டுமே அனுமதிக்கிறது. பிரிப்பான் தன் வேலையைக் குறையின்றிச் செய்து முடித்த பிறகும் வெப்பமண்டலக் கரையில் காற்று அந்த வரம்பைப்போல் ஒன்பது மடங்கு ஈரத்துடன் இருக்கிறது என்பதே இதன் பொருள். எஞ்சிய வேலை முழுவதும் வடிகட்டிக்குள் இருக்கும் மூலக்கூறு சல்லடையின் மீது விழுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதை விளக்கும். வடிகட்டியில் 200 கிராம் மூலக்கூறு சல்லடை இருப்பதாகவும், அது தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரை ஏற்கும் என்றும் கொள்ளலாம். 40 கிராம் நீரோடு அதன் ஆயுள் முடிகிறது. நுழையும் காற்று 20 பாகையில் இருந்தால் அது ஏறத்தாழ 520 கனமீட்டர் காற்றை உலர்த்தும். 40 பாகையில் இருந்தால் 174 கனமீட்டர் மட்டுமே. மணிக்கு 6 கனமீட்டர் தரும் சிறிய கம்ப்ரசரில் முன்னது 87 மணிநேரம், பின்னது 29 மணிநேரம். இயந்திரமும் வடிகட்டியும் ஒன்றே. ஊர் மாறியதும் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. உற்பத்தியாளர்களின் கையேடுகளில் வெப்பநிலைக்கேற்ற திருத்தப் பட்டியல் இருப்பது இதனால்தான். ஆனால், கொட்டகைச் சுவரில் ஒட்டப்படுவது அந்தப் பட்டியல் அன்று. ஒற்றை மணிநேர எண். குளிர்நாட்டு அறை வெப்பநிலைக்குக் கணக்கிட்ட எண்ணைக் கவரத்தியிலோ போர்ட் பிளேரிலோ நம்பிக்கொண்டிருப்பவர், வடிகட்டியின் ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கை இல்லாத கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு மறுப்பு எழும். காற்றில் ஈரம் இருந்தால் என்ன? குளிர்ந்த ஏரிகளில்தான் ஈரம் சுவாசக் கருவிக்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். 28 பாகைக் கடலில் எது உறையப் போகிறது? சற்று ஈரமான காற்று வறண்ட தொண்டைக்கு இதமாகக்கூட இருக்குமே!

மறுப்பின் முற்பகுதி பெருமளவு சரி. பிற்பகுதிதான் ஆபத்தானது. வடிகட்டிக்குள் மூலக்கூறு சல்லடை மட்டும் இல்லை. எண்ணெய் ஆவியையும் நாற்றத்தையும் பிடிக்கக் கிளர்வுற்ற கரி உண்டு. கார்பன் மோனாக்சைடை மாற்றக் ஹாப்கலைட் உண்டு. மாங்கனீசு ஆக்சைடும் தாமிர ஆக்சைடும் கலந்த இந்த வினையூக்கி முதல் உலகப் போர்க்காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் உருவானது. இரண்டின் பெயர்களும் கலந்தே அதன் பெயர் அமைந்தது. அது கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றிவிடும். ஆனால், அதற்கு ஒரு பலவீனம் உண்டு: ஈரம் பட்டால் அது செயலிழக்கும். மூலக்கூறு சல்லடை முதலில் வைக்கப்படுவது முக்குளிப்பாளரின் தொண்டையைக் கருதி அன்று. ஹாப்கலைட்டை உலர வைத்துக் காப்பதற்காக. சல்லடை நீரால் நிறைந்த கணத்திலிருந்து ஈரம் அடுத்த அடுக்குக்கு நகர்கிறது. காவலன் உறங்கிவிடுகிறான். வாயிலில் நிற்பதாகவே எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே வெப்பம் கார்பன் மோனாக்சைடு உருவாகும் வாய்ப்பையும் கூட்டுகிறது. சுருள்களில் உப்பும் தூசியும் படிந்து குளிர்ச்சி குறைந்தால் உருளைகள் அளவுக்கு மீறிச் சூடாகும். மசகெண்ணெய் சிதைந்து அரைகுறையாக எரியும். அதன் விளைபொருள்களில் ஒன்று கார்பன் மோனாக்சைடு. இன்னொரு வழி வெளியிலிருந்து வருவது. லட்சத்தீவு போன்ற இடங்களில் மின்சாரத்துக்குப் பெரிதும் டீசல் மின்னாக்கிகளையே நம்ப வேண்டியிருக்கிறது. களமுகாம்களில் பெட்ரோல் எந்திரத்தால் ஓடும் கம்ப்ரசர்களும் உண்டு. காற்றின் திசை மாறிப் புகை உள்ளிழுப்புக் குழாயை எட்டினால், ஈரமான ஹாப்கலைட் அதைத் தடுக்காது. வெப்பம் ஒரே நேரத்தில் நஞ்சைப் பெருக்குகிறது, நஞ்சைத் தடுக்கும் காவலையும் தளர்த்துகிறது. வெப்பமண்டலக் கரைகளில் இந்தப் பொருளைத் தனியே விவாதிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது குருதியின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. ஆழத்தில் அதன் பகுதியழுத்தம் பெருகும். 30 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 4 பார்; அங்கே பத்து இலட்சத்தில் 10 பங்கு என்பது கரையில் 40 பங்கைச் சுவாசிப்பதற்கு ஒப்பாகும். இ.என். 12021 தரம் பத்து இலட்சத்தில் 5 பங்கை மட்டுமே அனுமதிப்பதன் காரணம் அதுவே. தலைவலி, குமட்டல், குழப்பம் என்ற அதன் அறிகுறிகள் படகின் குலுக்கலுக்கும், வெயிலுக்கும், நைட்ரஜன் மயக்கத்துக்கும் எளிதில் பெயர் மாற்றி எழுதப்படக்கூடியவை. ஒரு மாணவர் தலைவலியோடு மேலே வந்தால் அவருக்குத் தண்ணீர் கொடுக்கப்படுகிறது. சிலிண்டரின் காற்று சோதிக்கப்படுவது எத்தனை இடங்களில்? உயிர்ச்சேதத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், மங்கிய மனநிலையில் ஒருவர் எண்ணி எழுதிய மீன்களின் எண்ணிக்கைதான் பிறகு ஆய்வுக்கட்டுரையின் அட்டவணையில் அமர்கிறது.

ஈரத்துக்கு வேறு வேலைகளும் உண்டு. எஃகுச் சிலிண்டருக்குள் நீர் தங்கினால் துரு பிடிக்கும். துருப்பிடித்தல் ஆக்சிஜனை உண்ணும் வினை. நிரப்பி நீண்டகாலம் கிடக்கும் சிலிண்டரில் ஆக்சிஜன் அளவு ஆபத்தான நிலைக்குக் குறையவும் கூடும். இது நீர் உறைகிறதா இல்லையா என்பதைச் சார்ந்ததன்று. வெதுவெதுப்பான இடத்தில் வினை இன்னும் விரைவாகவே நடக்கும்.

இரண்டாவது மறுப்பு, சுற்றுலா முக்குளிப்பு நிலையங்களைச் சுட்டும். அவை நாள்தோறும் பல சிலிண்டர்களை நிரப்புகின்றன, ஒன்றும் நேர்வதில்லை என்பது அது. ஆனால், நாள்தோறும் ஓடும் இயந்திரமும் ஆண்டில் ஆறு வாரம் ஓடும் இயந்திரமும் ஒன்றல்ல. மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழைக்காலம் முழுவதும் முக்குளிப்பு நின்றுவிடுகிறது. ஆய்வு நிலையத்தின் கம்ப்ரசர் அந்த மாதங்களில் மூடிய அறையில், ஈரம் நிறைந்த காற்றில், தொடுவாரின்றிக் கிடக்கிறது. வடிகட்டிக் கூட்டில் அழுத்தம் விடப்பட்டிருந்தால் சல்லடை ஓடாமலே ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய்த் தொட்டியில் நீர் திரளும். அக்டோபரில் பொத்தானை அழுத்துகையில் மணிநேரக் கடிகாரம் ‘இன்னும் ஆயுள் உண்டு’ என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை. ஓடிய நேரத்தை மட்டுமே எண்ணத் தெரிந்த கருவி அது. ‘ஒன்றும் நேரவில்லை’ என்ற வாதத்தைப் பற்றியும் ஒரு சொல்: காற்றைச் சோதிக்காத இடத்தில் கெட்ட காற்று பதிவாவதும் இல்லை. அளவீடு இல்லாமையை நலத்துக்குச் சான்றாகக் காட்டுவதை எந்த ஆய்வு நெறியாளரும் தம் மாணவரின் ஆய்வேட்டில் ஏற்கமாட்டார்.

மூன்றாவது மறுப்பு பணம். இதுதான் உண்மையான மறுப்பு. அதனால்தான் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. ஆய்வுத் திட்டங்களில் கருவிக்கு ஒரு தலைப்பு, நுகர்பொருளுக்கு ஒரு தலைப்பு. கம்ப்ரசர் முதல் தலைப்பில் வாங்கப்படுகிறது. அதன் வடிகட்டிகளும் மசகெண்ணெயும் காற்றுச் சோதனையும் இரண்டாவது தலைப்பில் வேதிப்பொருள்களோடும் கண்ணாடிக் குடுவைகளோடும் போட்டியிட வேண்டியிருக்கிறது. திட்டம் மூன்று ஆண்டில் முடியும். கம்ப்ரசர் பதினைந்து ஆண்டு நிற்கும். எஞ்சிய பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் வடிகட்டிக்கு எந்தத் தலைப்பும் இல்லை. இருக்கும் வடிகட்டியை ‘இன்னும் சில நாள்’ ஓட்டுவது ஒருவரின் கவனக்குறைவால் மட்டும் நிகழ்வதன்று. கணக்குப் புத்தகத்தின் அமைப்பே அவரை அந்த இடத்துக்குத் தள்ளுகிறது.

தீர்வுகள் அரிய தொழில்நுட்பத்தைக் கோருபவை அல்ல. முதலாவது, கம்ப்ரசர் அறையில் ஒரு வெப்பமானியும் ஒரு பதிவேடும். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அறை வெப்பநிலை, ஓடிய நிமிடங்கள், நீர் வடித்த நேரங்கள் ஆகியவை எழுதப்பட வேண்டும். வடிகட்டியின் ஆயுள், வெப்பநிலைக்கேற்பத் திருத்தப்பட்ட மணிநேரத்தில் கணக்கிடப்பட வேண்டும். பள்ளி இயற்பியல் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். இரண்டாவது, ஈரங்காட்டியும் கார்பன் மோனாக்சைடு உணரியும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் எளிய ஈரங்காட்டி, பல மாதக் களப்பணிச் செலவோடு ஒப்பிட்டால் ஒரு பொருட்டே அன்று.

மூன்றாவது, அறையின் அமைப்பு. விசிறி வெளியேற்றும் சூடு நேரே வெளியே போக வேண்டும். உள்ளிழுப்புக் குழாய் புகைபோக்கிகளிலிருந்து விலகி, காற்று வரும் திசையில், உயரத்தில் நிற்க வேண்டும். நிரப்பும் வேலை விடியற்காலைக்கு மாற வேண்டும். விடியலில் ஈரப்பதத்தின் விழுக்காடு கூடுதலாக இருக்கிறதே என்று சிலர் ஐயுறுவதுண்டு. கூடுதலாக வரும் நீர் பிரிப்பானில் வடிந்துவிடும். வடிகட்டியை எட்டும் அளவை நிர்ணயிப்பது சுருளைக் கடந்த காற்றின் வெப்பநிலைதான். ஆகவே குளிர்ந்த வேளையே நல்ல வேளை. மெதுவாக நிரப்புவதும் இதே கணக்கில் சேரும். அவசரமாக நிரப்பி 50 பாகைச் சூட்டில் 200 பார் காட்டிய சிலிண்டர், 30 பாகைக்குக் குளிர்ந்ததும் 188 பார் காட்டும். அவசரத்தில் மிச்சம் பிடித்த நேரம், நீருக்கடியில் இழந்த நிமிடங்களாகத் திரும்பும். இறுதி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் வால்வு ஒழுங்காக இயங்குவதும் இன்றியமையாதது. அது பழுதாகி, வடிகட்டியில் 225 பாருக்குப் பதில் 50 பார் மட்டுமே நின்றால், அதே வெப்பத்தில் நுழையும் நீர் நான்கரை மடங்காகும்.

நான்காவது, பருவமழைக்கால நெறிமுறை: வடிகட்டிக் கூட்டை அழுத்தத்துடன் மூடி வைத்தல், இடையிடையே இயந்திரத்தைச் சூடாகும்வரை ஓட்டி எண்ணெயில் திரண்ட நீரை வெளியேற்றல், பருவத்தின் முதல் சிலிண்டருக்கு முன் புதிய வடிகட்டியும் புதிய எண்ணெயும் இடல், வடித்த எண்ணெய் நீரைக் கடலில் கொட்டாமல் சேகரித்தல். பவளத்தைக் காக்க வந்தவர்கள் பவளத்தின்மீது எண்ணெய் ஊற்றுவது பொருந்தாது.

ஐந்தாவது, அறம் சார்ந்தது. ஆய்வேட்டின் வழிமுறை அத்தியாயத்தில் ஆழமும் நேரமும் அளவுநாடாவின் நீளமும் எழுதப்படுகின்றன. காற்று எப்போது சோதிக்கப்பட்டது என்ற ஒற்றை வரியும் அங்கே இடம்பெற வேண்டும். நிதி தரும் அமைப்புகள் கம்ப்ரசர் கேட்கும் முன்மொழிவுகளில் அதன் வாழ்நாள் பராமரிப்புத் திட்டத்தையும் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவேடு இல்லாத சிலிண்டரை மறுக்கும் உரிமை மாணவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். நெறியாளரின் கையெழுத்தை நம்பி நிற்கும் ஒரு மாணவர், படகு புறப்படும் நேரத்தில், ‘இந்த வடிகட்டி எப்போது மாற்றியது?’ என்று கேட்பது எளிதன்று. அந்தக் கேள்வியை அவர் துணிவிடம் விட்டுவிடுவது நிறுவனத்தின் கடமையைக் கைகழுவுவதாகும். பதிவேடு கதவில் தொங்கினால் அவர் கேட்கவே தேவையில்லை, படித்துவிட்டு இறங்கலாம்.

கடலடியில் மனிதர் சுவாசிக்கும் காற்று இயற்கை தருவதன்று. கரையில் இருப்பவர்கள் தயாரித்துக் கொடுப்பது. அதன் வெப்பத்தையும் ஈரத்தையும் கணக்கிடத் தேவையான அறிவியல் இளங்கலை வகுப்பிலேயே கற்பிக்கப்படுகிறது. அந்த அறிவியலைக் கற்பிக்கும் நிறுவனங்கள் தங்கள் கொட்டகையில் அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது மிகையான கோரிக்கை அன்று.